பெருநகரத்துக்குப் பக்கத்தில் முகாம்: டென்ட், சின்னப் பிள்ளைகள், ஆர்.வி. மூன்றுக்கும் ஒத்துவரும் இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வழிப்போக்கன் கேட்டது:

வெள்ளி மாலை போய் ஞாயிறு மதியம் திரும்புகிற மாதிரி இரண்டு இரவு. மூன்று குடும்பம், பெரியவர்கள் 6, பிள்ளைகள் 5. கடைக்குட்டிக்கு 3 வயது. ஒரு குடும்பத்திடம் ஆர்.வி., அதாவது உள்ளேயே படுக்கை, சமையல், கழிவறை வசதியுள்ள 30 அடி டிரெய்லர், அதை இழுக்கப் பிக்கப் வண்டி. மற்ற இரண்டு குடும்பத்துக்கும் டென்ட்: ஒன்று ஆறு பேருக்கானது, ஒன்று எட்டு பேருக்கானது. நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஏழெட்டு கேம்ப்கிரவுண்ட் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஏரி படம், எல்லாவற்றுக்கும் நாலரை நட்சத்திரம். அதை வைத்து எதையும் கழிக்க முடியவில்லை.

எதை முதலில் பார்ப்பது? மூவரையும் ஒரே இடத்தில் வைப்பது சரியா, ஆர்.வி.யைத் தனியே நிறுத்துவது நல்லதா? நகரத்துக்குப் பக்கம் என்பதாலேயே வரும் சிக்கல்கள் என்னென்ன?

நெடுஞ்சாலை:

ஆர்.வி.யிலிருந்து தொடங்குங்கள். டென்ட்டைப் பிடுங்கி வேறு மூலையில் அடிக்க அரை மணி நேரம் போதும். 30 அடி டிரெய்லர் நுழையாத இடத்தில் என்ன செய்தாலும் நுழையாது. ஆகவே கேம்ப்கிரவுண்ட் எது என்பதை ஆர்.வி.யை வைத்தும், அதற்குள் எந்த லூப் (சைட்டுகள் வரிசையாக அமைந்த உட்சாலை வளையம்) என்பதைப் பிள்ளைகளை வைத்தும், எந்த சைட் (ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கும் இடம்) எண் என்பதை டென்ட்டை வைத்தும் முடிவு செய்யுங்கள். இந்த வரிசையில் கழித்தால் ஏழெட்டு இடம் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும்.

முதலில் நீளம். "அதிகபட்சம் 35 அடி" என்று போட்டிருந்தால் அது டிரெய்லருக்கு மட்டுமா, பிக்கப்பையும் சேர்த்தா என்று போன் செய்து கேளுங்கள். இரண்டு வழக்கமும் உண்டு. உங்கள் டிரெய்லரையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். மாடல் பெயரில் இருக்கும் எண் பல சமயம் பெட்டியின் நீளம் மட்டும்தான். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிப் பகுதி இன்னும் மூன்று நாலு அடி எடுக்கும். பிக்கப்போடு சேர்த்தால் மொத்தம் 50 அடியைத் தாண்டும். நேராக நுழைந்து நேராக வெளியேறும் சைட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ரிவர்ஸில் நுழையும் சைட்டாக இருந்தால் எதிரே உள்ள சாலையின் அகலத்தையும் பாருங்கள். சைட் 40 அடி இருந்தாலும் சாலை ஒற்றைத் தடமாக இருந்து எதிர்ப்பக்கம் மரமோ பாறையோ இருந்தால் டிரெய்லர் உள்ளே திரும்பாது. பிக்கப்பின் மூக்கு போய் முட்டும்.

பக்கவாட்டிலும் இடம் வேண்டும். வெளியே தள்ளும் ஸ்லைடு அறைக்கு சுமார் 3 அடி, மறுபக்கம் நிழற்கூரைக்கு 8 அடி. தாழ்ந்த கிளைகள் கூரையில் இருக்கும் ஏசியின் மூடியைப் பெயர்த்துவிடும்.

அடுத்தது மின்சாரம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கணக்குப் போடாமல் மாட்டிக்கொள்கிறார்கள். 120 வோல்ட் நாடுகளில் 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட். 13,500 பி.டி.யூ. (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஓடும்போது சுமார் 1,500 வாட், மைக்ரோவேவ் 1,500 வரை, மின்சார வாட்டர் ஹீட்டர் 1,400. மூன்றையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். இரண்டிரண்டாக மாற்றிப் போட்டுக்கொண்டால் 30 ஆம்பே போதும். 50 ஆம்ப் இணைப்பில் இரண்டு தனித்தனி 120 வோல்ட் வரிகள் வருவதால் 12,000 வாட் கிடைக்கும்; இரண்டு ஏசி இருக்கும் வண்டிக்குத்தான் அது தேவை. 230 வோல்ட் நாடுகளில் 6, 10, 16 ஆம்ப் என்று இருக்கும். 6 ஆம்ப் என்றால் 1,380 வாட்தான். அதில் ஒரு மின்கெட்டிலைப் போட்டாலே கதை முடிந்தது.

கோடை சனிக்கிழமை மாலையில் எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது பழைய கேம்ப்கிரவுண்டுகளில் வோல்ட்டேஜ் இறங்கும். 120 வோல்ட் இணைப்பில் 105-க்குக் கீழே போனால் ஏசியை நிறுத்திவிடுங்கள். வோல்ட்டேஜ் குறையும்போது கம்ப்ரசர் மோட்டார் அதிக ஆம்ப் இழுத்து, சுற்றுக்கம்பி சூடாகிக் கருகும். வோல்ட்டேஜ் குறைந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றை, சைட்டில் மின்இணைப்புக் கொடுக்கும் தூணில் மாட்டிக்கொள்வது நல்லது. மாட்டும் முறை: தூணில் பிரேக்கரை அணை, கருவியைச் சொருகு, பிரேக்கரைப் போடு, கருவி பச்சை காட்டுகிறதா பார், மறுபடி அணை, டிரெய்லர் கேபிளைச் சொருகு, பிறகு போடு. வீட்டு எக்ஸ்டென்ஷன் கம்பியால் நீளத்தைக் கூட்டவே கூடாது. 30 ஆம்புக்கு 10 கேஜ் தடிமன் கம்பி வேண்டும்; மெல்லிய கம்பி உருகும்.

தண்ணீர்க் குழாயில் அழுத்தக் குறைப்பான் மாட்டுங்கள், 40 முதல் 50 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு). மேட்டில் தொட்டி கட்டியிருக்கும் இடங்களில் அழுத்தம் இதைப்போல இரண்டு மடங்கு வரும். டிரெய்லருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்புகள் தாங்காது.

இனி வழி. நகரத்தைக் குறுக்கே கடந்து போவதாக இருந்தால் சுரங்கச் சாலைகளைக் கவனியுங்கள். சில நகரங்களில் சமையல் எரிவாயு சிலிண்டரோடு சுரங்கத்துக்குள் விட மாட்டார்கள், அல்லது சிலிண்டர் அளவுக்கு வரம்பு வைத்திருப்பார்கள். தாழ்ந்த பாலங்களும் பழைய நகரப் பகுதியில்தான் அதிகம். காருக்கான வரைபடச் செயலி இது எதையும் சொல்லாது. ஏசி மூடியோடு சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

மழைத்துணி:

டென்ட் பக்கத்தைச் சொல்கிறேன். "ஆறு பேர்", "எட்டு பேர்" என்பதெல்லாம் தோளோடு தோள் ஒட்டிப் படுத்தால் கிடைக்கும் எண்ணிக்கை. எட்டு பேர் டென்ட்டில் நாலு பேரும் பைகளும் என்றால் வசதி.

சைட் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது டென்ட் மேடையின் அளவு. பல கேம்ப்கிரவுண்டுகளில் சரளை நிரப்பி மரச்சட்டம் கட்டிய மேடை இருக்கும், அதற்கு வெளியே டென்ட் போட அனுமதி இருக்காது. 12 அடிக்கு 12 அடி மேடையில் 14 அடி நீள டென்ட் உட்காராது. எட்டு பேர் டென்ட் பெரும்பாலும் 13 முதல் 16 அடி நீளம். அதன்மேல் இழுகயிறுகளுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டராவது வேண்டும். கயிறு கட்டாமல் விட்டால் காற்றில் கம்பு வளைந்து, டென்ட்டின் மேல் போர்த்தும் மழைத்துணி உள்துணியோடு ஒட்டும், ஒட்டிய இடத்தில் உள்ளே நனையும்.

சரளை மேடையில் டென்ட்டோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் வளைந்துவிடும். 25 செ.மீ.க்குக் குறையாத எஃகு முளையும் ஒரு சுத்தியலும் வேண்டும். மணலில் இது நேர்மாறு: மெல்லிய முளை பிடிக்காது, அகலமான முளை வேண்டும், இல்லையென்றால் பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைக்க வேண்டும். முளையின் தலை டென்ட்டை விட்டு விலகிச் சாய்ந்திருக்கட்டும்.

வரைபடத்தில் ஏரிக்கரை சைட்டும் ஓடைக்கரை சைட்டும்தான் முதலில் தீரும். அங்கே இரவில் குளிர் அதிகம், ஈரம் அதிகம், கொசு அதிகம். குளிர்காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். டென்ட்டின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோப்பதும் அங்கேதான் மோசம். கரையிலிருந்து சற்று ஏறிய மேட்டில், லேசான சரிவோடு இருக்கும் சைட் நல்லது. முழுச் சமதளம் என்று விளம்பரப்படுத்தும் இடத்தில் மழைநீர் வடிய வழியில்லை. இரண்டு மூன்று செ.மீ. ஆழக் குழிவு போதும், அரை மணி நேர மழையில் குளமாகிவிடும். ஏற்கெனவே அடித்துப் பழகிய மண்ணில் இலைகளும் மண்ணும் அரித்து வரிவரியாகப் படிந்திருந்தால் தண்ணீர் ஓடிய தடம் அது. அதில் போடாதீர்கள்.

அடிவிரிப்பு டென்ட்டின் தரையைவிட ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்துணியிலிருந்து வழியும் நீரை வாங்கி டென்ட்டுக்கு அடியில் அனுப்பும். "தண்ணீர் புகாத டென்ட், ஆனாலும் நனைந்தது" என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

நிழல் வேண்டுமென்றால் கிழக்குப் பக்கம் மரம் இருக்கிறதா பாருங்கள். மாலை வெயிலின்போது நீங்கள் வெளியே இருப்பீர்கள். காலை ஏழு மணி வெயில்தான் டென்ட்டை அடுப்பாக்கிப் பிள்ளைகளை எழுப்பிவிடும். மேலே பட்ட கிளை, தொங்கும் கிளை இருந்தால் அந்தச் சைட்டே வேண்டாம். காற்றில்லாத இரவிலும் அவை முறிந்து விழும்.

நெருப்பு வளையத்திலிருந்து டென்ட் குறைந்தது 4.5 மீட்டர் தள்ளி, காற்று வரும் திசையில் இருக்கட்டும். நைலானில் ஒரு பொறி பட்டாலே ஓட்டை. அணைந்தது போலத் தெரியும் கரி அடுப்பைக் குளிருக்காக டென்ட்டுக்குள் கொண்டுபோவது மட்டும் ஒருக்காலும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

காக்காய்ப்பொன்:

நகரத்துக்குப் பக்கம் என்பதால் வருபவை, பிள்ளைகளோடு போவதால் வருபவை இரண்டையும் சேர்த்து எழுதுறேன்.

தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீங்க. வெள்ளி மாலை 5 மணிக்கு ஊரே வெளியே கிளம்பும். செயலியில் புறப்படும் நேரத்தை அடுத்த வெள்ளி 5 மணின்னு வெச்சுப் பாருங்க, டிரெய்லருக்கு அதோடு கால் பங்கு கூட்டுங்க. சாதாரண நேரத்தில் இரண்டு மணி நேரம்னு காட்டுற இடம் மூன்றேகால் ஆகலாம். இருட்டில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கிறதும், தூங்கிப்போன மூன்று வயசுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கிட்டு டென்ட் அடிக்கிறதும் நடக்காத காரியம். வாசல் கேட் இரவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும்னு கட்டாயம் கேளுங்க. நகர்ப்புறப் பூங்காக்களில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த 10 மணிக்கே பூட்டுற வழக்கம் உண்டு. பிந்தி வருபவருக்குக் கேட்டைத் திறக்கும் எண் தருவாங்களான்னு முன்னாடியே தெரியணும்.

சத்தம். செயற்கைக்கோள் படத்தைத் திறந்து நாலு பொருள் தேடுங்க: நெடுஞ்சாலை, ரயில் தண்டவாளம், விமான ஓடுபாதை நீட்டிய கோடு, கல்குவாரி. பகலில் கேட்காத நெடுஞ்சாலை இரவில் கேட்கும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பான காற்று இருக்கும். மேலே போற ஒலி வளைந்து திரும்பக் கீழே இறங்கும். ஏரிப்பரப்பு மேல் இன்னும் தூரம் போகும். நடுவில் குன்று இருந்தா நல்ல தடுப்பு, பத்துப் பதினைந்து மரம் இருந்தா தடுப்பே இல்லை. தண்டவாளம் சாலையை வெட்டிக் கடக்கும் இடம் பக்கத்தில் இருந்தா நள்ளிரவிலும் ரயில் ஹாரன் அடிக்கும்.

விமர்சனங்களில் நட்சத்திரத்தை விடுங்க. தேடுபெட்டியில் "சத்தம்", "ரயில்", "ஜெனரேட்டர்", "சைட் எண்" மாதிரி சொற்களைப் போட்டுத் தேடி, கோடை வார இறுதியில் எழுதினதை மட்டும் படிங்க. வசந்த காலச் செவ்வாய்க்கிழமை போனவரோட ஐந்து நட்சத்திரம் உங்களுக்குப் பயன்படாது.

ஏரியில் நீந்தணும்னா, பெருநகரத்தின் கீழ்ப்பக்கம் வரும் ஆறோ ஏரியோ மழைக்கு அப்புறம் மோசமாகும். பழைய நகரங்களில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாய். கனமழையில் குழாய் நிரம்பி ஆற்றில் கொட்டும். பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் பிள்ளைகளை இறக்காதீங்க, தண்ணீர் தெளிவா தெரிஞ்சாலும். நகரத்துக்கு மேற்பகுதியில் இருக்கும் ஏரிக்கு இந்தத் தொல்லை குறைவு.

லூப் தேர்வு: முட்டுச்சந்தா முடியும் லூப் நல்லது, கார் குறைவு. கழிப்பறை 50 முதல் 100 மீட்டருக்குள், நடுவில் பிரதான சாலையைக் கடக்காம. விளையாட்டுத் திடல் சைட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியற தூரம்னா பெரியவங்க உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கலாம். சைட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே வேலியோ புதரோ இல்லைன்னா 3 வயசுக் குழந்தையோடு அங்கே வேண்டாம்.

ஒரு சைட்டுக்கு 6 அல்லது 8 பேர், இரண்டு வண்டின்னு வரம்பு வெச்சிருப்பாங்க. 11 பேருக்கு மூன்று சைட் எடுத்துடுங்க.

மழைத்துணி:

கழிப்பறை தூரத்தில் ஒரு திருத்தம். 50 மீட்டர் என்பது நடக்கும் தூரம் என்றால் சரி. ஆனால் கழிப்பறைக்கு நேர் எதிரேயோ அடுத்த சைட்டிலோ டென்ட் வேண்டாம். இரவு முழுக்க விளக்கு எரியும், கதவு அடிக்கும், குறுக்குவழி தேடுபவர்கள் உங்கள் இழுகயிற்றில் தடுக்கி விழுவார்கள். மூன்று நாலு சைட் தள்ளி எடுங்கள்.

வழிப்போக்கன்:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி கழித்ததில் இரண்டு மிஞ்சின. முதலாவது: தனியார் இடம், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றும் சைட்டிலேயே, நீச்சல்குளம் உண்டு, ஆனால் சைட்டின் அகலம் 9 மீட்டர், டென்ட்டும் அதே வரிசையில், 600 மீட்டரில் நெடுஞ்சாலை. இரண்டாவது: அரசுப் பூங்கா, ஆர்.வி. லூப்பில் 30 ஆம்ப் மின்சாரம் மட்டும், தண்ணீர்க் குழாய் லூப்புக்கு ஒன்று, கழிவு கொட்டும் இடம் வெளிவாசலில். டென்ட் லூப் 250 மீட்டர் தள்ளி, நடுவில் குளியலறைக் கட்டடம். டிரெய்லர்க்காரர்கள் நாலு பேரும் கழிவுநீர் இணைப்பு இல்லாமல் எப்படி என்று தயங்குகிறார்கள்.

நெடுஞ்சாலை:

இரண்டாவதை எடுங்கள், தயங்க வேண்டாம். 9 மீட்டர் அகலத்தில் ஸ்லைடும் நிழற்கூரையும் திறந்தால் மிஞ்சுவது அடுத்த வண்டியின் கழிவுக்குழாய் பக்கம்தான். அங்கே டென்ட் போடும் குடும்பம் இரவெல்லாம் பக்கத்து ஏசி இரைச்சலில் படுத்திருக்கும். அந்த அமைப்பு ஆர்.வி.க்காகவே வகுத்தது, டென்ட்டை அதில் ஒட்டவைத்திருக்கிறார்கள்.

கழிவுநீர் இணைப்பு இரண்டு இரவுக்குத் தேவையே இல்லை. 30 அடி டிரெய்லரில் கிரே டேங்க் (குளித்த, கழுவிய தண்ணீர் சேரும் தொட்டி) பொதுவாக 110 முதல் 150 லிட்டர் பிடிக்கும். குளியல் முழுவதையும் பூங்காவின் குளியலறையில் வைத்துக்கொண்டு, உள்ளே முகம் கழுவவும் பாத்திரம் அலசவும் மட்டும் என்றால் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 40 லிட்டர். இரண்டு நாளில் தொட்டி முக்கால்கூட நிரம்பாது. டிரெய்லருக்குள் குளித்தால் ஒருவருக்கு, தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் குளித்தாலும், 15-20 லிட்டர் போகும். சனி இரவே தொட்டி நிரம்பி ஷவர் தரையில் அழுக்குத்தண்ணீர் மேலே வரும். கழிவறையின் பிளாக் டேங்க் நாலு பேருக்கு இரண்டு இரவு தாராளம். கிளம்பும் முன் அதில் ஏழெட்டு லிட்டர் தண்ணீரும் மருந்தும் ஊற்றிவையுங்கள், அடியில் காய்ந்து ஒட்டாது.

நல்ல தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்புவதா, அங்கே போய் நிரப்புவதா என்று யோசியுங்கள். 150 லிட்டர் என்றால் 150 கிலோ. மலையேற்றம் இருந்தால் பிக்கப்பின் இழுவை வரம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாசலிலேயே குடிநீர் நிரப்பும் குழாய் இருந்தால் அங்கே நிரப்பலாம். ஆனால் கழிவு கொட்டும் இடத்தில் "கழுவ மட்டும்" என்று எழுதிய குழாய் ஒன்று தனியே இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

போனதும் முதலில் மட்டம் பாருங்கள். பக்கவாட்டில் பலகை அடுக்கிச் சமன் செய்த பிறகுதான் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, அதன் பிறகுதான் கொக்கியைக் கழற்றுவது, முன்பின் மட்டத்தை டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் காலை ஏற்றி இறக்கிச் சரிசெய்வது. எரிவாயுவிலும் மின்சாரத்திலும் ஓடும் உறிஞ்சல் வகை ஃப்ரிட்ஜ் இருந்தால் இது வெறும் வசதிக்காக அல்ல. சாய்வாக நின்றால் உள்ளே அம்மோனியாக் கரைசல் ஓடாமல் தேங்கி, அந்தக் குளிரூட்டும் பகுதியே நிரந்தரமாகக் கெட்டுப்போகும்.

காக்காய்ப்பொன்:

இரண்டாவதுதான் என் ஓட்டும். சைட் எண்ணை இப்படி எடுங்க: டிரெய்லர் லூப்பில் குளியலறைக்கு மிக அருகில் இருக்கும் முனை, டென்ட் லூப்பில் அதே கட்டடத்திலிருந்து நாலாவது ஐந்தாவது அடுத்தடுத்த சைட் இரண்டு. சமையலும் சாப்பாடும் டென்ட் பக்கம், மதியத் தூக்கமும் மழை வந்தால் ஒதுங்குறதும் டிரெய்லர் பக்கம். இடி கேட்டதுமே பிள்ளைகளை டென்ட்டிலிருந்து உலோகக் கூரையுள்ள காருக்கோ உலோக உடலுள்ள டிரெய்லருக்கோ மாத்திடுங்க. டென்ட் மின்னலுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

அரசுப் பூங்காக்களில் முன்பதிவு பெரும்பாலும் பல மாதம் முன்னாடி, குறிப்பிட்ட நாள் காலையில் திறக்கும். நகரத்துக்குப் பக்கமான இடங்களில் கோடை வார இறுதி அன்றைக்கே தீரும். தவறிட்டா விதிமுறையில் பணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் எதுன்னு பாருங்க. அதுக்கு முந்தைய இரண்டு நாளில்தான் மனசு மாறினவங்க ரத்து செய்வாங்க, காலையிலும் இரவிலும் பக்கத்தைப் புதுப்பிச்சுப் பாருங்க. மூன்று சைட்டும் ஒரே கணக்கில் எடுக்க முடியலைன்னா மூன்று பேர் ஒரே நேரத்தில் உட்காருங்க, டிரெய்லர் சைட்டை முதலில். அதுதான் எண்ணிக்கையில் குறைவு.

விறகை வீட்டிலிருந்து ஏத்தாதீங்க. பட்டைக்குள் இருக்கும் துளைப்பூச்சி புதுக் காட்டில் பரவி மரங்களை மொத்தமா அழிக்குது. பல இடங்களில் வெளி விறகுக்குத் தடையே உண்டு. அங்கேயே வாங்குங்க.

நெடுஞ்சாலை:

ஒன்று விட்டுப்போனது. ஞாயிறு 10 முதல் 12 வரை வெளிவாசலில் கழிவு கொட்ட வரிசை நிற்கும். 9 மணிக்கு முன் போய்விடுங்கள், அல்லது டிரெய்லரை மட்டும் கடைசி நேரம் வரை சைட்டிலேயே வைத்திருங்கள். கையுறை போட்டு, முதலில் பிளாக் டேங்க் வால்வைத் திறந்து முழுக்கக் காலி செய்து மூடுங்கள். பிறகு கிரே டேங்க். அந்த சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். வரிசையை மாற்றினால் மலம் படிந்த குழாயை மடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.